பிந்தி விழும் மூன்றாவது அடி

எங்கள் டவுன் பஸ்ஸில் காலையில் தூங்கிவிடலாம், பாட்டைக் கேட்காமல் மட்டும் இருக்க முடியாது. டிரைவர் தலைக்கு மேலே ஒன்று, கடைசி சீட்டுக்கு மேலே ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டு குத்தத் தொடங்கினால் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் தாளம் போடும், உட்கார்ந்திருப்பவர்களின் தலை தானாக ஆடும். சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டிக் கூட்டம் ஏறினால் பக்திப் பாட்டு போடுவார்கள். அதற்கும் இதே ஆட்டம்தான். நான் சமூக அறிவியல் ஆசிரியை. மாணவிகள் சிலரும் அதே பஸ்ஸில் வருவதால் கௌரவமாகத்தான் ஏறுவேன். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் என் செருப்பு நுனி தட்டத் தொடங்கியிருக்கும்.

பக்கத்து சீட்டில் கணக்கு டீச்சர் இருப்பார். அவருக்குத் தலை, விரல், கால் எதுவும் ஆடாது. பஸ் பள்ளத்தில் இறங்கினால் எல்லோரோடும் சேர்ந்து குலுங்குவார். அது ரோடு ஆட்டுகிற ஆட்டம், அதில் அவர் பங்கு ஒன்றும் இல்லை.

"உங்களுக்குப் பாட்டே பிடிக்காதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நான் கொஞ்சம் வாய்க்காரி.

"பிடிக்குமே."

"அப்பறம் ஏன் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கீக?"

"ஆடுறவுக ஆடட்டும் டீச்சர். எண்ணுறதுக்கு ஒரு ஆள் சும்மா இருக்கணும்ல," என்றார்.

கணக்கு வாத்தியார்களின் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்பதைத் தொட்டவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பருத்திச் சேலையைத் தவிர வேறு கட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பார். அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் தெரிந்தது, விடைத்தாள் கட்டு ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போன அன்றைக்கு.

மாதா கோயிலுக்கு எதிர்ச் சந்தில் மாடி வீடு. அவரும் தம்பியும் மட்டும். தம்பி அந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். கோயிலைத் திறந்து பூட்டுவது, மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை ஒடிந்து, சரியாகக் கூடாமல் போயிருந்தது. அந்தக் கையை முழுக்க நீட்ட வராது.

டீச்சர் மேசையில் லேப்டாப்பும் காதில் பெரிய ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தார். கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டுப் பயிற்சி என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். கல்யாண ரிசப்ஷனில் டிஜே போடுகிற மாதிரி டும் டும் என்று நெஞ்சில் இடித்தது. ஒரு வார்த்தை கிடையாது, மனிதக் குரலே கிடையாது. எல்லாம் எலக்ட்ரானிக் சத்தம்.

"இதை நீங்களா செஞ்சீக?"

"ஆமா."

"எதுக்கு?"

"சும்மாதான் டீச்சர். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். நாலு நாலா வந்து சேரணும். இதுவும் கணக்குத்தான்."

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தார். "எங்க அக்கா செஞ்சதுக்கு ஊரே ஆடும் டீச்சர். அது மட்டும் ஆடாது."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். டீச்சர் சிரித்தாரா என்று ஞாபகம் இல்லை.

மாதா கோயில் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் மணிகளை அடித்து நிறுத்தினால், அதன்பிறகு சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரைக்கும் மணி அடிக்க மாட்டார்கள். இயேசு இறந்து அடங்கியிருக்கும் நேரம் என்பதால் மணிக்கும் வாய்க்கட்டு. அதற்குப் பதிலாக மரக்கட்டை. ஒரு பலகை, அதில் ஆடுகிற மரச்சுத்தி, கீழே கைப்பிடி. பிடித்து ஆட்டினால் டக் டக் டக் என்று தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெரு. நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். கல்யாணமாகி வந்த முதல் வருடம், யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று வாசலுக்கு ஓடி வந்து மாமியாரிடம் பேச்சு வாங்கினேன்.

தம்பி ஆட்டினால் அந்தச் சத்தம் வேறு மாதிரி விழும். டக் டக்... டக். முழங்கை நீளாததால் மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது. அக்காவுக்கு மட்டும் பழகவில்லை.

ஒரு வருடம் ஈஸ்டரன்று இருவரும் எங்கள் வீட்டுக்கு மட்டன் குழம்பு கொண்டுவந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் டீச்சர் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய வெள்ளியன்று தம்பிக்குத் தெரியாமல் கோயில் சன்னலில் போனை வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

"இப்ப கேளு. பக்கத்துல டீச்சரும் இருக்காக, சாட்சி. மூணாவது லேட்டாகுதா இல்லையா?"

தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டார். "லேட்டுத்தான்."

"இத்தனை வருசமா இல்லைன்னு சாதிச்சயே."

"லேட்டானாலும் வந்துருதுல்லக்கா," என்றார் தம்பி, எலும்பைக் கடித்துக்கொண்டே.

அந்த ஐப்பசியில் மழை நாளொன்றில், கோவிலூருக்கு ரோடு பிரியும் விலக்கில் லாரி மோதித் தம்பி இறந்துபோனார்.

நான் போனபோது வீட்டுக்குக் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். டீச்சர் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாராவது ஓங்கி அழுதால் அவர்கள் பக்கம் போய் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். "சாப்பிட்டீகளா?" என்று எல்லோரிடமும் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். "இருங்க டீச்சர், அங்குட்டு நாற்காலி பத்தலை," என்று மெல்லக் கையை உருவிக்கொண்டு போய்விட்டார். கல்லறையில் மண் போடும்போதும் அப்படியேதான் நின்றார். கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுவாரமே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு வந்துவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைத் தட்டாமல் காலை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவர் எப்போதும்போல் அசையாமல் இருந்தார். முன்பு வேடிக்கையாக இருந்த அந்த இருப்பு அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ நாள் கழித்து அவராகவே சொன்னார்.

"ஒரே பக்கமா ரொம்ப நேரம் உக்காந்திருந்தா காலு மரத்துப் போகும்ல, அப்படி இருக்கு டீச்சர். வலியெல்லாம் இல்ல. காலே இல்லாத மாதிரி இருக்கு."



அடுத்த பெரிய வெள்ளிக்குக் கோயிலில் தற்காலிகமாக ஒருவர் கட்டையை ஆட்டினார். டக் டக் டக். கடிகாரம்போல் சீராக விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து கேட்டபோது எனக்கே என்னவோ போலிருந்தது. பஸ்ஸில் டீச்சர் சொன்னார், "இந்த வருசம் நேரா விழுந்துச்சு. நல்லாவே இல்ல." பெரிய வெள்ளியன்று சாயங்காலமே லேப்டாப்பைத் திறந்தாராம்.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறப்பதற்குள் பாட்டு வெளியாகிவிட்டது. ஒரே ஒரு பாட்டு, 'மூணு மணி' என்று பெயர். பெரிய வெள்ளி ஆராதனை தொடங்குகிற நேரம். செய்தவர் பெயர் போடும் இடத்தில், தம்பியை வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயரைப் போட்டிருந்தார். எனக்கு லிங்க் அனுப்பினார், கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முதலில் வெறும் கட்டைச் சத்தம். போனில் பதிவு செய்த அதே டக் டக்... டக். அதற்கு அடியில் மெதுவாக, நெஞ்சில் இடிக்கிற பேஸ் ஏறுகிறது. பிறகு நாலு பக்கமும் மின்சாரச் சத்தங்கள் வந்து அடுக்கடுக்காக ஏறிக்கொள்கின்றன. ஆனால் எல்லாம் அந்த மூன்றாவது அடிக்காக நின்று, அது விழுந்த பிறகுதான் நகர்கின்றன. கேட்கிற உடம்பு இதோ வரும், இதோ வரும் என்று முன்னால் சாய்கிறது. அடி விழுந்ததும் கால் தரையைத் தட்டிவிடுகிறது.

"கம்ப்யூட்டர்ல அந்த லேட்டைச் சரி பண்ண முடியாதா டீச்சர்?"

"ஒரு நிமிச வேலை."

"அப்பறம்?"

"பண்ணலை," என்றார்.

முதலில் யாரும் சீந்தவில்லை. பேஸ் பத்தவில்லை என்று ஒருவர் எழுதினார். 'யாரு ப்ரோ நீ, எந்த ஊரு' என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வயது நாற்பதான கணக்கு டீச்சரை ப்ரோ ஆக்கிவிட்டார்கள் என்று நான் சிரித்தேன். புதிய பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதும் ஓர் இணையப் பக்கத்தில், திறமை இருக்கிறது, உணர்ச்சி இல்லை, இயந்திரம் செய்த மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் நிதானமாக முழுவதையும் படித்து, "சரியாத்தான் எழுதியிருக்காக," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஒரு கல்யாண வீடியோ வந்தது. பக்கத்து ஊரில் வாடகைக்கு விடுகிற பழைய பெரிய வீடு, அதன் முற்றத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் குதிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி நின்று, மூன்றாவது அடிக்கு ஒன்றாக இறங்குகிறார்கள். அந்த இறக்கம் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, ஆடல் பாடல் என்று ஒன்று விடாமல் இதுதான். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் இதற்கு ஆடினார்கள். பயிற்சி கொடுத்த ஆசிரியை கணக்கு டீச்சரிடமே வந்து, "இந்தக் காலத்துப் பாட்டு, கொஞ்சம் பொறுத்துக்கங்க டீச்சர்," என்று சொன்னார். "பரவாயில்லை," என்றார் இவர்.

பஸ்ஸிலும் வந்தது. டிரைவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். கம்பியைப் பிடித்த கைகள், ஜன்னலோரத் தலைகள் எல்லாம் ஆடின, கண்டக்டரின் விசில்கூட அந்த மூன்றாவது அடிக்குத்தான் ஒலித்தது. நான் மெல்ல அவர் பக்கம் திரும்பினேன். வழக்கம்போல் அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டு டீச்சர். சந்தோசமா இல்லையா?"

"பாத்தீகளா, எல்லாரும் மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருக்காக," என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அது அவன் கை டீச்சர். இது ஓடுற வரைக்கும் அவன் ஆட்டிக்கிட்டுத்தான் இருப்பான்."

இதைச் சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாதா கோயில் பங்குப் பேரவைச் செயலாளரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனிதர். தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் மகள் கல்யாண ரிசப்ஷனில் டிஜே இந்தப் பாட்டைப் போட, சம்பந்தியோடு சேர்ந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஆடியிருக்கிறார். ரொம்ப நன்றாக ஆடினார் என்று நாலு நாள் பேச்சு. அப்புறம் பாடகர் குழுப் பெண் ஒருத்தி, "இது பெரிய வெள்ளிக் கட்டைச் சத்தமில்ல?" என்று கேட்டுவிட்டாள். யார் செய்தது என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் டீச்சரை நிற்கச் சொன்னார்கள். அங்கே நடந்ததை மறுநாள் பஸ்ஸில் சொன்னார்.

"ஆண்டவர் செத்த நாளைக்கு ஆட்டுற கட்டை டீச்சர் அது. அதை எடுத்து எல்லாரையும் குத்தாட்டம் போட வச்சிட்டீகளே," என்று செயலாளர் கேட்டாராம். "நானே ஆடிட்டேன். இனி அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எப்படி முட்டி போடுவேன்?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

"நீங்க என்ன சொன்னீக?"

"எடுத்துர்றேன்னேன். நேத்தே எடுத்தாச்சு."

"உங்க தம்பி கை அதுன்னு சொன்னீகளா?"

"சொல்லலை."

"ஏன் டீச்சர்?"

"அவுக கேக்கலையே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செயலாளர் மேலா, இவர் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சொட்டு அழுதிருந்தால், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் விட்டிருப்பார்கள். அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எடுத்துவிட்டாலும் பாட்டு எங்கே போகும்? பலர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு அதை மாற்றிப் புதிதாகப் போடத் தொடங்கினார்கள். ஒருத்தர் பேஸ் கூட்டினார், ஒருத்தர் நாதஸ்வரம் சேர்த்தார். அதில் ஒன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. விடைத்தாள் திருத்தும்போது டீச்சர் அதை என் காதில் மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டக் டக் டக். யாரோ புண்ணியவான், தாளம் பிசகுகிறது என்று சரி செய்திருக்கிறார்.

"இப்ப லேட்டே இல்லாம வந்துருச்சு," என்று சொல்லி ஹெட்போனை வாங்கி மடித்து வைத்தார். 

அந்த வருடப் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், "சும்மா இருந்தா கோயிலுக்கு வாங்க டீச்சர்," என்றார். அவர் யாரையும் எதற்கும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. போனேன். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளியன்று வாத்தியம் வாசிக்கக் கூடாது என்பதால் கீபோர்டைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பெண்கள் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தற்காலிகக் கோயில்பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் கட்டையை ஆட்ட ஆள் இல்லை என்று முன் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் செயலாளரே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டையை எடுத்தார். வெல்டிங் பிடித்த கை, அதற்கு அது ஒரு பாரமே இல்லை.

டக் டக்... டக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மனம் உருகி, பக்தியோடுதான் ஆட்டிக்கொண்டிருந்தார். டக் டக்... டக். வருடக்கணக்காகத் தம்பி ஆட்டிக் கேட்டதா, மகள் கல்யாணத்தில் ஆடியதா, எது அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம். கோயில் முழுக்க எல்லோரும் முட்டி போட்டார்கள். சின்னப் பெண்கள் சிலரின் தோள் அந்த மூன்றாவது அடிக்கு லேசாக இறங்கியதையும் பார்த்தேன்.

டீச்சர் முட்டி போடவில்லை. கண் தரையைப் பார்த்திருந்தது. நானும் அங்கே பார்த்தேன். அவருடைய வலது கால் பெருவிரல் தரையிலிருந்து எழும்பி, காத்திருந்து, மூன்றாவது அடிக்குக் கீழே இறங்கியது. மறுபடி எழும்பியது. பிறகு பாதம் முழுக்க. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது முள்ளாகக் குத்துமே, அப்படி இருந்தது அவர் முகம். நான் கையைப் பிடித்தேன். இந்த முறை உருவிக்கொள்ளவில்லை. கட்டைச் சத்தம் நின்ற பிறகும் அந்தக் கால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே செருப்புத் தேடும்போது செயலாளர் எங்களை நோக்கி வந்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தயங்கி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு இது பழக்கமில்ல டீச்சர். தம்பி இருந்திருந்தா... சரியா ஆட்டுனேனா?"

"மூணாவது மட்டும் கொஞ்சம் லேட்டு," என்றார் டீச்சர்.

"அப்படியா? எனக்குத் தெரியலையே." அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. அடுத்த வருசம் சரி பண்ணிர்றேன்."

"வேணாம்," என்றார் டீச்சர். குரல் உடைந்து போயிருந்தது. "அதைச் சரி பண்ணாதீக."